நன்றி சொல்ல வராத நாளில்



எங்கள் சிறுநீரக மருத்துவப் பிரிவில் காலை ஆறு மணிக்கே முதல் சுற்று டயாலிசிஸ் தொடங்கிவிடும். வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், கையில் இரண்டு ஊசிகளோடு ஒருவர் அசையாமல் படுத்திருக்கவேண்டும். இரத்தம் உடலைவிட்டு வெளியே சென்று, கருவியினூடே சுற்றித் திரும்பி வருவதால் பலருக்குக் குளிரெடுக்கும். ஆகவே வருவோர் பெரும்பாலும் வீட்டிலிருந்து ஒரு போர்வையைக் கையோடு கொண்டுவருவார்கள். யார் எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார் என்பதைப் போர்வையின் நிறத்தைக் கொண்டே எங்கள் செவிலியர் சொல்லிவிடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு காலை வேளையில், பச்சைக் கட்டம் போட்ட போர்வைக்குள் கண்மூடிப் படுத்திருந்த ஒருவரின் மனைவி எங்களிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். அக்குடும்பம் இன்னதென்று தெரியாதிருக்கும்பொருட்டுச் சில விவரங்களை மாற்றியுள்ளோம். முந்தைய நாள் மாலை அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்திருக்கிறது. சபையார் திரளாக வந்து, அன்போடு ஜெபித்து, ஆறுதல் கூறிச் சென்றிருக்கிறார்கள். மறுநாள் காலையில் அந்த அம்மையார் எங்களைத் தாழ்வாரத்திற்கு அழைத்து வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"டாக்டர், எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லவேண்டும் என்கிறார்கள். முப்பது வருஷமாக நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது வாயைத் திறந்தால் வரமாட்டேன் என்கிறது. இந்த மனுஷருக்குக் கிட்னி போனதற்கா நான் ஸ்தோத்திரம் சொல்வேன்? ஆனால், நான் சொல்லாததனால்தான் இவருக்குக் குணமாகவில்லையோ என்று ராத்திரியெல்லாம் பயமாக இருக்கிறது."

கிரியேட்டினின் ஏன் கூடுகிறது, நீரை ஏன் அளந்து குடிக்கவேண்டும் என்பவற்றையெல்லாம் விளக்க எங்களுக்குத் தெரியும். இந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் விடை இருக்கவில்லை. "அம்மா, யோசித்துச் சொல்கிறோம்" என்று மட்டும் கூறினோம். அந்த யோசனையின் பயனை, அவரைப் போன்றே அஞ்சியிருக்கக்கூடிய பிறருக்காகவும் இங்கே எழுதுகிறோம். இதனை வாசிப்போரில் பல சமயத்தவர் உண்டென்பதை அறிவோம். செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளைக் கற்ற மண்ணில் நன்றியுணர்வு எந்த ஒரு சமயத்திற்கும் தனியுடைமை ஆகாது. எனினும் கேள்வி கிறிஸ்தவ வீடொன்றிலிருந்து வந்தமையால், அவ்விசுவாசத்தின் உள்ளிருந்தே விடை தேட முயல்கிறோம்.

விசுவாசத்தின் நடுவில் ஒரு நன்றி

கிறிஸ்தவ வாழ்வில் நன்றி செலுத்துதல் ஓரத்தில் இருக்கும் ஒரு பழக்கம் அன்று. திருச்சபையின் மையமான திருவிருந்தை ஆதிச் சபையார் 'யூக்கரிஸ்தியா' என்னும் கிரேக்கச் சொல்லால் அழைத்தனர். அச்சொல்லின் பொருளே நன்றி செலுத்துதல் என்பதுதான். அப்பத்தை எடுத்து நன்றி கூறிப் பகிர்ந்த அந்த இரவு, இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவாகவும் இருந்தது. கிறிஸ்தவ நன்றியின் முதன்மையான அடையாளம் விளைச்சல் நிறைந்த ஒரு பகலில் பிறக்கவில்லை. மரணத்தின் முந்தைய இரவில், மேசையைச் சுற்றிப் பயந்திருந்த சிலரின் நடுவே பிறந்தது. இதனை நினைவிற்கொள்ளுதல் நன்று.

நம் நாட்டுத் திருச்சபைகளில் இந்நன்றி பல உருவங்களை ஏற்றிருக்கிறது. அறுப்பின் பண்டிகையன்று முதற்பலனாக நெல்லும் வாழைத்தாரும் கோழியும் ஆலயத்திற்கு வந்து, ஆராதனை முடிந்தபின் ஏலம் விடப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் பலர் இதனை வாசிக்கக்கூடும். பிள்ளை பிறந்தால், வேலை கிடைத்தால், நோய் நீங்கினால் ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் பெயரெழுதிப் போடுகிறோம். சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலத்தில் சேர்த்து ஆலயத்திற்குக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. வேளாங்கண்ணியில், குணம் பெற்றோர் செலுத்திய கை, கால், கண் முதலிய உறுப்புகளின் உலோக வடிவங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. மருத்துவர்களாகிய எங்களுக்கு அவை ஒருவகை மருத்துவக் குறிப்பேடுகளாகவே தோன்றுகின்றன. ஒவ்வொரு வடிவத்திற்குப் பின்னும் ஓர் உறுப்பின் வலியும், ஒரு வீட்டின் உறக்கமற்ற இரவுகளும் இருக்கின்றன.

ஆனால் இவ்வழக்கங்களுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. 'கிடைத்தது, ஆகவே கொடுக்கிறோம்' என்னும் வரிசை நம் மனத்தில் ஊறி, நாளடைவில் 'கொடுத்தால்தான் கிடைக்கும்' என்று தலைகீழாகிவிடுகிறது. நன்றி ஒரு விலையாகிவிடுகிறது. அந்த அம்மையாரை வாட்டிய அச்சம் இங்கேதான் தொடங்குகிறது.

பத்துப் பேரும் குணமானார்கள்

லூக்கா நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சியை அறியாத கிறிஸ்தவர் இரார். குஷ்டரோகிகள் பத்துப் பேர் தொலைவில் நின்று இயேசுவை நோக்கி இரக்கம் வேண்டிக் கூப்பிடுகிறார்கள். ஆசாரியர்களிடம் போய்த் தங்களைக் காண்பிக்குமாறு அவர் அவர்களை அனுப்புகிறார். போகும் வழியில் அவர்கள் சுத்தமாகிறார்கள். ஒருவன் மட்டும் உரத்த குரலில் தேவனை மகிமைப்படுத்தியவாறு திரும்பி வந்து அவர் பாதத்தில் விழுகிறான். அவன் ஒரு சமாரியன், யூதர்களால் அந்நியனாகக் கருதப்பட்டவன்.

ஒன்பது பேரை நன்றிகெட்டவர்கள் என்று கடிந்துகொள்வதற்கே இப்பகுதி பெரும்பாலும் பயன்படுகிறது. மருத்துவமனையில் பணிபுரியும் நாங்கள் அவர்களைச் சற்றுப் பரிவோடு பார்க்கிறோம். அவர்கள் செய்தது இடப்பட்ட கட்டளையைத்தான். அக்காலத்தில் குணமானவன் வீடு திரும்புவதற்கு ஆசாரியனின் சான்று தேவைப்பட்டது. இன்றைய மொழியில் அதனை டிஸ்சார்ஜ் சீட்டு எனலாம். பல ஆண்டுகள் ஊருக்கு வெளியே வாழ்ந்தவனுக்கு மனைவி மக்களைக் காணும் வேட்கை எப்படியிருக்கும்? டிஸ்சார்ஜ் நாளில் எங்கள் நோயாளர்கள் பைகளைக் கட்டிக்கொண்டு, ஆட்டோவை வரச்சொல்லிவிட்டு, கணக்குப் பிரிவின் முன் பரபரப்போடு நிற்பதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். எங்களிடம் சொல்லாமலே பலர் புறப்பட்டுவிடுவார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. வீட்டிற்குப் போகும் அவசரம், குணமானதன் முதல் அறிகுறி.

இப்பகுதியில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி வேறொன்று. பத்துப் பேரும் குணமானார்கள். ஒருவன் நன்றி சொல்வதற்கு முன்பே அனைவரும் குணமாகிவிட்டார்கள். திரும்பி வராத ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். அந்தக் கேள்வியில் ஏக்கம் இருந்தது. ஆயினும் அவர்கள் பெற்ற சுகம் பறிக்கப்பட்டதாக நற்செய்தியாளர் எங்கும் எழுதவில்லை. எனவே நன்றி என்பது குணத்திற்குச் செலுத்தும் கட்டணம் அன்று. நன்றியின்மைக்குத் தண்டனையாக நோய் வருவதும் அன்று. திரும்பி வந்தவன் கூடுதலாகப் பெற்றது இன்னொரு மருந்தை அல்ல. தன்னைக் குணமாக்கியவரை முகமுகமாகக் கண்டான். அவரோடு ஓர் உறவைப் பெற்றான்.

அந்த அம்மையாரின் அச்சத்திற்கு எங்கள் முதல் விடை இதுவே: அம்மா, நீங்கள் ஸ்தோத்திரம் சொல்லாததனால் உங்கள் கணவரின் சிறுநீரகம் பழுதுபடவில்லை. பல ஆண்டுக்கால நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் அதன் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சிதைத்தன. அக்குற்றத்தை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

கண்ணீரும் நன்றியும் ஒரே வாயில்

எனினும் அவருடைய கேள்வியின் மறுபாதி எஞ்சுகிறது. துன்பத்தின் நடுவில் நன்றி சொல்லச் சொல்லும் விசுவாசம், அழுகையைத் தடுக்கிறதா?

வேதாகமத்தையே பார்ப்போம். சங்கீதப் புத்தகத்தின் 150 சங்கீதங்களில் பெரும்பங்கு புலம்பலாகவும் முறையீடாகவும் அமைந்தவை. 22ஆம் சங்கீதம் கைவிடப்பட்டவனின் ஓலமாகத் தொடங்கித் துதியில் முடிகிறது. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு ஒளி ஏற்ற எவரும் ஒரு வரியைச் சேர்க்கவில்லை. அப்படிப்பட்ட பாடலும் ஆராதனைப் புத்தகத்தில் இடம்பெற்றிருக்கிறது என்பதே நோயுற்றோருக்குப் பெரிய ஆறுதல். நன்றி சொல்ல வராத நாளிலும் கடவுளிடம் சொல்வதற்கு ஒரு சொல் உண்டு, புலம்பலும் ஜெபந்தான்.

யோவான் நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தில் இயேசு, நண்பன் லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விடுகிறார். அதே இடத்தில், சற்று நேரத்தில், தம் வேண்டுதலைக் கேட்டதற்காகப் பிதாவுக்கு நன்றி சொல்கிறார். கண்ணீரைத் துடைத்துவிட்டு வந்தால்தான் நன்றி ஏற்கப்படும் என்ற விதி அங்கு இல்லை. கெத்செமனேயில் அவர் துன்பத்தின் பாத்திரம் தம்மை விட்டு நீங்குமாறு வேண்டினார். அதற்காக நன்றி சொல்லவில்லை. பவுல் தம் உடலில் இருந்த முள் நீங்கவேண்டும் என்று மூன்று முறை மன்றாடியதாகக் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அது நீங்கவில்லை. அதைத் தாங்குவதற்கான கிருபையே அவருக்குக் கிடைத்தது. எல்லாச் சூழ்நிலையிலும் நன்றியுள்ளவர்களாய் இருக்கும்படி சபைகளுக்கு எழுதியவரும் இதே பவுல்தான். மன்றாட்டையும் நன்றியையும் அவர் எதிரெதிராக நிறுத்தவில்லை.

வரலாற்றிலிருந்து ஒருவரை நினைவுகூர்வோம். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஐலன்பர்க் என்னும் மதில்சூழ் நகரில் மார்ட்டின் ரின்கார்ட் என்னும் லுத்தரன் போதகர் வாழ்ந்தார். முப்பதாண்டுப் போரினின்று தப்பிய அகதிகள் அந்நகரில் வந்து நெருங்கினர். 1637இல் கொள்ளைநோய் பரவியது. அந்த ஓராண்டில் அவர் நான்காயிரத்திற்கும் மேற்பட்டோரின் அடக்க ஆராதனைகளை நடத்தினார். அவர்களுள் அவருடைய மனைவியும் ஒருவர். உலகெங்கும் இன்றும் பாடப்படும் நன்றிப் பாடல்களுள் புகழ்பெற்ற ஒன்றை இயற்றியவர் இவரே. அப்பாடல் கொள்ளைநோயின்போது எழுதப்பட்டதன்று. அதற்கு முன்பே, உணவு வேளையில் குடும்பத்தாரோடு பாடுவதற்காக எழுதப்பட்டது என்பர். நாங்கள் இதிலிருந்து கற்பது இது: சாவு வீட்டிற்குள் புகுந்தபின் நன்றியைப் புதிதாகத் தேடுவது மிகக் கடினம். உணவு மேசையில் அன்றாடம் பழகிய நன்றி, துயர நாளில் நம்மைத் தாங்கக்கூடும். தாங்காத நாளிலோ, நமக்காகப் பிறர் பாடுவார்கள். சபை என்று ஒன்று இருப்பதன் பொருள்களுள் அதுவும் ஒன்று.

ஆகவே நோயாளரைக் காண வருவோருக்கு ஒரு வேண்டுகோள். படுக்கையில் இருப்பவரிடமும் அவர் மனைவியிடமும் ஸ்தோத்திரம் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். அவர்கள் அழுதால் அழவிடுங்கள். அவர்களால் சொல்ல இயலாத நன்றியை அவர்கள் சார்பில் நீங்கள் சொல்லுங்கள். வரும்போது வீட்டுப் பிள்ளைகளுக்கு இரவு உணவைச் சமைத்துக் கொண்டுவாருங்கள்.

எப்பாப்பிரோதீத்து என்னும் உடனிருப்பவர்

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் ஒரு பெயர் வருகிறது. பிரசங்கங்களில் அதிகம் கேட்கப்படாத பெயர் அது: எப்பாப்பிரோதீத்து. சிறையிலிருந்த பவுலுக்கு உதவிப்பொருளைக் கொண்டுசேர்க்கவும், அவர் தேவைகளைக் கவனிக்கவும் பிலிப்பி சபையார் அனுப்பிய மனிதர். கவனிக்கப் போனவரே நோயுற்று மரணத்தின் விளிம்புவரை சென்றுவிட்டார். தாம் நோயுற்ற செய்தி ஊராருக்கு எட்டிவிட்டதே என்று வேறு அவர் மனம் வருந்தியிருக்கிறார். பிறருக்குச் சுமையாகிவிட்டோமே என்னும் அந்த வருத்தம் நோயாளரோடு உடனிருப்போரிடம் நாங்கள் நாள்தோறும் காண்பது.

பவுல் அவருக்கு என்ன செய்தார்? கடமையில் தவறிவிட்டதாகக் குறைகூறவில்லை. தம் சகோதரன் என்றும், உடன் ஊழியன் என்றும் பெருமையாக எழுதி, ஊருக்குத் திருப்பி அனுப்பினார். அவரை மகிழ்ச்சியோடு வரவேற்று மதிக்கவேண்டும் என்று சபையாரைக் கேட்டுக்கொண்டார். அந்நிருபத்தின் இறுதியில் தமக்கு வந்த உதவிக்கும் நன்றி தெரிவித்தார். கடவுளுக்குச் செலுத்தும் நன்றி, மனிதருக்குச் சொல்லும் நன்றியை விழுங்கிவிடவில்லை.

உடனிருந்து பராமரிப்போரே, உங்களிடம் நேரடியாகப் பேசுகிறோம். உங்கள் இரத்த அழுத்தத்தை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? உங்கள் மாத்திரைகளை வேளைதவறாமல் உட்கொள்கிறீர்களா? நோயாளரின் உணவில் உப்பைக் குறைக்கும் நீங்கள், உங்கள் காலை உணவையே தவிர்க்கிறீர்களா? சோர்ந்துவிட்டால் ஒரு வாரம் உறவினர் எவரையாவது மாற்றிவிடச் சொல்லி ஊருக்குப் போய் வாருங்கள். எப்பாப்பிரோதீத்துவும் ஊருக்குப் போனார்.

நோயாளர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் நன்றி முதலில் சென்று சேரவேண்டிய இடம், இரவெல்லாம் உங்கள் கட்டிலருகே தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரிடம். மருத்துவருக்குக் கைகூப்பும் நாம், வீட்டாரிடம் 'இதற்கெல்லாமா நன்றி சொல்வது' என்று விட்டுவிடுகிறோம். சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவர்கள் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும்.

சாட்சியும் மாத்திரையும்

இனி நாங்கள் சொல்லத் தயங்கும், ஆனால் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று.

இளைஞர் ஒருவருக்குத் தாயின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. நன்றாக இயங்கியது. ஆண்டிறுதி ஆராதனையில் அவர் எழுந்து சாட்சி சொன்னார். சபை முழுவதும் மகிழ்ந்தது. கர்த்தர் முழுச் சுகம் தந்துவிட்டார் என்ற நம்பிக்கையில், மாத்திரைகளைத் தொடர்வது அவிசுவாசமாகும் என்று எண்ணி, எவரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். சில வாரங்களில் உடல் வீங்கி வந்தார். தாய் கொடுத்த சிறுநீரகத்தை எங்களால் காப்பாற்ற இயலவில்லை. அறைக்கு வெளியே அந்தத் தாய், விலாவில் இருந்த அறுவைத் தழும்பின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சி எங்களை விட்டு நீங்கவில்லை.

மாத்திரையை நிறுத்துமாறு சபை அவரிடம் சொல்லவில்லை. பிழையில் எங்களுக்கும் பங்குண்டு. 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று மகிழ்ச்சியோடு சொன்னவர்கள் நாங்கள்தாம். 'மாத்திரை இருக்கும்வரை சரியாக இருக்கும்' என்று அழுத்திச் சொல்லியிருக்கவேண்டும். மாற்றுச் சிறுநீரகத்தை உடலின் எதிர்ப்பாற்றல் எந்நாளும் அந்நியப் பொருளாகவே காண்கிறது. அவ்வெதிர்ப்பை அடக்கும் மருந்தை, அச்சிறுநீரகம் இயங்கும் காலம் முழுவதும் நாள்தவறாது உட்கொள்ளவேண்டும். உயர் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளும் அவ்வாறே. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை என்பதனால் நோய் நீங்கிவிட்டதென்று பொருளில்லை.

ஆகவே சாட்சி சொல்லுங்கள், தடையின்றிச் சொல்லுங்கள். சொல்லும்போது, 'இன்னமும் மருந்து உட்கொள்கிறேன்' என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் மாத்திரையைக் கையில் எடுக்கும் அந்த நொடியையே ஸ்தோத்திர வேளையாக்கிக்கொள்ளுங்கள். பெற்ற கொடையைப் பேணிக் காப்பதும் நன்றியே. அந்த இளைஞர் இன்று மீண்டும் டயாலிசிஸில் இருக்கிறார். புதிதாகச் சிறுநீரகம் பெற்றோருக்கு மாத்திரைப் பெட்டியை அடுக்கக் கற்றுக்கொடுப்பவர் இப்போது அவர்தான். நாங்கள் அவரைக் கேட்கவில்லை, தாமாகவே தொடங்கினார்.

எண்ணிப் பார்க்கும் பழக்கம்

நலமான இரு சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டர் நீங்கலாக மீதியை உடலுக்கே திருப்பித் தருகின்றன. கைப்பிடிக்குள் அடங்கும் அளவுள்ள அவற்றைக் கெடும்வரை எவரும் நினைப்பதில்லை. நம் உடலில் பலவீனமாகத் தோன்றும் உறுப்புகளே அதிகம் தேவையானவை என்று பவுல் எழுதியதன் ஆழம் எங்கள் துறையில் இருப்போருக்கு நன்கு விளங்கும்.

டயாலிசிஸ் கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில், 1943இல் தம் கருவியை முதன்முதலாக ஒரு நோயாளருக்குப் பயன்படுத்தினார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றோரில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945இல்தான் ஒரு மூதாட்டி பிழைத்தெழுந்தார். நம் நாட்டில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. இன்று நான்கு மணி நேரம் படுத்தெழுந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரும், பெயர் தெரியாத அந்த முதல் நோயாளர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

நன்றியை எண்ணிப் பார்ப்பதால் மனநலத்திற்கு ஏதேனும் பயன் உண்டா என்று அறிவியலும் ஆராய்ந்திருக்கிறது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகிய அமெரிக்க உளவியலாளர் இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நரம்புத்தசை நோயுற்ற சிலர் அன்றாடம் தாங்கள் நன்றி பாராட்டும் செய்திகளைக் குறித்துவந்தனர். குறிக்காதவர்களைவிட அவர்களுக்கு மனநிலையும் உறக்கமும் சற்று மேம்பட்டதாக அந்த ஆய்வு கூறியது. இது மருந்திற்கு மாற்று ஆகாது, நோயையும் போக்காது. தவிரவும், கிறிஸ்தவ நன்றி உறக்கத்திற்காகச் செய்யும் பயிற்சி அன்று; ஒருவரை நோக்கிச் சொல்லப்படுவது. எனினும், தூக்கம் வராத இரவில் குறைகளை எண்ணுவதற்கு நடுவே, அன்று கிடைத்த ஓர் உதவியையும் எண்ணிப் பார்ப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை. ஊசியை ஒரே முயற்சியில் சரியாகக் குத்திய செவிலியரையும், தள்ளுநாற்காலியை மேடுபள்ளத்தில் மெதுவாகத் தள்ளிய பணியாளரையும் நினைத்துப் பாருங்கள். பெயர் தெரியாவிடில் மறுநாள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஊழியர்களுக்குப் பணமோ பரிசோ தரவேண்டியதில்லை. பெயர்சொல்லி அழைத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நன்றி கைகளாக மாறும்போது

வேலூரில் பணிபுரிந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்பிற்குக் கீழே செயலிழந்தார். இளம் மருத்துவர், வாழ்வு முடிந்துவிட்டதென்று எண்ணக் காரணங்கள் நிறைய இருந்தன. குஷ்டரோகத்தால் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்திக்கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அந்த அறுவையை மேரிக்குப் பயிற்றுவித்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்து, பிறருடைய முடங்கிய கைகளை அவர் நிமிர்த்தினார். பின்னர் அயல்நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறையை உருவாக்கி நடத்தினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவருடைய கால்கள் இறுதிவரை நடக்கவில்லை. இழந்ததற்காக அவர் நன்றி சொன்னாரா என்று ஆராய்வது நம் வேலையன்று. எஞ்சியிருந்த கைகளை அவர் என்ன செய்தார் என்பதே நமக்குப் பாடம்.

எஞ்சியிருப்பதைப் பிறருக்குப் பயன்படுத்துவதையே கிறிஸ்தவ நன்றியின் முதிர்ந்த நிலையாக நாங்கள் காண்கிறோம். அதற்கு மருத்துவராய் இருக்கவேண்டியதில்லை.

பச்சைப் போர்வைக்காரர் அதன்பின் ஏறத்தாழ இரண்டாண்டுகள் வாழ்ந்தார். மகளின் திருமணத்தைக் கண்டார். ஒரு மழைக்காலத்தில், இதயம் நின்று, எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே காலமானார். எங்களால் இயன்றதைச் செய்தோம், போதவில்லை. அந்த அம்மையாரிடம் எங்கள் விடையைச் சொல்ல முன்பே வாய்ப்புக் கிடைத்திருந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நான் அழலாம், இல்லையா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அவர் டயாலிசிஸ் பிரிவின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே, துவைத்து மடித்த அந்தப் பச்சைக் கட்டம் போட்ட போர்வை இருந்தது. "யாராவது போர்வை கொண்டுவர மறந்து வந்தால் குளிருமே, அதற்காக" என்றார். பிறகு கணவருக்கு வழக்கமாக ஊசி போட்ட செவிலியரின் பெயரைச் சொல்லி, அவர் இன்று பணியில் இருக்கிறாரா என்று விசாரித்தார். இருந்தார். இருவரும் நெடுநேரம் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்தோத்திரம் என்ற சொல்லை அன்று அவர் சொன்னாரா என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை.

போர்வை இன்றும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. குளிரும்போது செவிலியரிடம் கேளுங்கள், தருவார்கள்.